சதுரங்க வீரர் சுல்தான் கான்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியில், திருமணிமுத்தாற்றுக்குச் சற்றுத் தள்ளியுள்ள சிற்றூர் எங்களூர். கிணற்றுப் பாசனமும் மானாவாரி நிலக்கடலையுமே அவ்வூரார்க்குச் செல்வம். கோடையில் காட்டு வேலை ஓய்ந்த பிற்பகல்களில் என் தாய்வழிப் பாட்டனார், எங்கள் பக்கத்து வழக்கிற் சொன்னால் அப்புச்சி, திண்ணையிற் சுண்ணாம்புக் கட்டியால் 64 கட்டங்கள் வரைந்து, கூழாங்கல்லும் சோழியும் புளியங்கொட்டையும் காய்களாக நிறுத்திச் சதுரங்கம் ஆடுவார். கல்லூரி விடுதியில் முதலாண்டைக் கழித்து விடுமுறைக்கு ஊர் திரும்பிய யான், ஆங்குக் கற்ற பெருமையோடு அவர் எதிரே அமர்ந்து, ராணியின் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். அவர் ஒன்றும் பேசாமல் அதனை ஒரு கட்டம் பின்னிழுத்து வைத்தார். யான் மீண்டும் தள்ளினேன். அவர் மீண்டும் இழுத்தார். அன்று ஆட்டம் நடைபெறவில்லை.

அவர் ஆடியது நம் நாட்டுப் பழைய முறை. அம்முறையிற் சிப்பாய்க்கு எக்காலத்தும் ஒரு கட்டமே நடை. அரசனைக் கோட்டைக்குள் ஒளித்து வைக்கும் ஐரோப்பிய ஏற்பாடு அதில் இல்லை. அதற்கு மாறாக அரசன் ஒரு முறை மட்டும் குதிரை போலப் பாயலாம். எதிர்க்கரை சேர்ந்த சிப்பாய் விரும்பிய காயாக மாறாது, தான் சேர்ந்த வரிசைக்குரிய காயாகவே மாறும். இம்முறையில் வளர்ந்த ஒருவர் திடீரென ஐரோப்பிய முறைக்கு மாறுவதென்றால், தாய்மொழியின் இலக்கணத்தை மறந்து வேற்று மொழியில் வழக்காடச் செல்வதை ஒக்கும். அவ்வாறு சென்று, உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஒருவரை வென்று, பின் ஓசையின்றித் தம் ஊருக்குத் திரும்பிய ஒருவரின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர் பெயர் மீர் சுல்தான் கான்.

காய்களின் பெயர்களைப் பற்றி முன்னரே ஒன்று சொல்லிவிடுதல் நலம். நம் பெரியோர் மந்திரி என்ற காயையே இக்காலத்தார் ராணி என்பர். அவர்கள் ஒட்டகம் என்றது இப்பொழுது மந்திரி எனப்படுகின்றது. மூலைகளில் நிற்பது யானை. இக்கட்டுரையில் இக்கால வழக்கையே கைக்கொண்டுள்ளேன்.

இன்று பாகிஸ்தானைச் சேர்ந்துள்ள பஞ்சாபின் மேற்குப் பகுதியில், குஷாப் என்னும் ஊருக்கு அருகே மிட்டா திவானா என்ற சிற்றூர் உள்ளது. 1905ஆம் ஆண்டை ஒட்டிச் சுல்தான் கான் பிறந்தது அங்கேதான். தந்தையார் நிஜாமுத்தீன் சதுரங்கத்தில் தேர்ந்தவர். ஒன்பதாம் வயதிலே மகனுக்கு நாட்டு முறைச் சதுரங்கத்தைக் கற்பித்தார். இருபத்தோராம் வயதை எட்டுமுன்னரே பஞ்சாபில் இவருக்கு நிகர் எவருமில்லை என்னும் பெயர் பரவிவிட்டது.

அப்பெயர் சர் உமர் ஹயாத் கான் திவானா என்னும் பெருநிலக்கிழாரின் செவிக்கும் எட்டியது. இப்பிரபு படைத்துறையில் உயர்ந்த பதவி வகித்தவர். 1911ஆம் ஆண்டு டில்லி முடிசூட்டு தர்பாரிற் கட்டியங் கூறும் பொறுப்பைப் பெற்றவர். சதுரங்கத்தில் பெரும் பித்துக் கொண்டிருந்தார். இளைஞரைத் தம் இல்லத்திற் சேர்த்துக்கொண்டு ஐரோப்பிய விதிகளைக் கற்பிக்கச் செய்தார். 1928ஆம் ஆண்டு டில்லியில் நடைபெற்ற அகில இந்தியப் பந்தயத்தில் சுல்தான் கான் எட்டு ஆட்டங்களில் வென்று, ஒன்றைச் சமன் செய்து, எதிலும் தோலாது முதலிடம் பெற்றார். மறுவருடம் சர் உமர் இந்திய மந்திரியின் ஆலோசனைச் சபையினராகச் சீமைக்குச் சென்றபொழுது இவரையும் உடன் அழைத்துச் சென்றார்.

1929ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் லண்டன் சேர்ந்த இவர்க்குப் பயிற்சியாகச் சிறு பந்தயம் ஒன்று ஏற்பாடு செய்யப்பட்டது. அதில் இவர் கடைசி இடத்தைப் பிறரோடு பகிர்ந்துகொண்டார்! இதில் வியப்பொன்றுமில்லை. ஐரோப்பியர், ஆட்டத்தின் முதற் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களை நூற்றாண்டுக் கணக்கில் ஆராய்ந்து நூல்களாக எழுதி வைத்திருந்தனர். அந்நூல்களை ஆங்கிலத்திற் கற்கும் பயிற்சி இவர்க்கில்லை. எதிரிகள் வீட்டிலேயே தீட்டிக்கொண்டு வந்த வாளை இவர் பலகையின் முன்னமர்ந்து அப்பொழுதே வெறுங்கையால் தடுக்க வேண்டியதாயிற்று.

வில்லியம் வின்டர், யேட்ஸ் என்னும் இரு ஆங்கில ஆட்டக்காரர்கள் இவர் குறையை உணர்ந்து, ஆட்டத் தொடக்கங்களைப் பலகையில் ஆடிக் காட்டிப் பயிற்றுவித்தனர். தம் நாட்டுப் பட்டத்துக்குத் தமக்கே போட்டியாக வரக்கூடியவரை அவர்கள் இங்ஙனம் பயிற்றுவித்தது பெருந்தன்மையே. சில வாரங்கள் கழித்து, அவ்வருடக் கோடையில் ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் சாம்பியன் பந்தயம் நடந்தது. அதில் சுல்தான் கான் முதலிடம் பெற்றார். சில வாரங்களுக்கு முன் கடைசியில் நின்றவர் இவ்வாறு பட்டம் பெற்றதைக் கண்டு ஆங்கிலேயர் திகைத்தனர். பின்னர் 1932லும் 1933லும் அப்பட்டம் மீண்டும் இவரையே அடைந்தது.

இனி, இவர் கையாண்ட படையெடுப்பு முறையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். அதனை அறியாதார்க்கு இவ்வரலாறு வெறும் ஊர்ப்பெயர்களும் ஆண்டெண்களுமாகவே நின்றுவிடும்.

ஐரோப்பிய முறையில் வெள்ளைக் காய்களை உடையவர்க்கு இரண்டு பெருவழிகள் உண்டு. அரசனுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் செலுத்துவது ஒன்று. அச்சிப்பாய் நடுக்களத்திற் சென்று நின்றதும் அதற்குத் துணை எதுவுமில்லை. உடனே கைகலப்பு நேரும். ராணிக்கு முன்னுள்ள சிப்பாயைச் செலுத்துவது மற்றொன்று. இதற்குத் தொடக்க முதலே ராணி பின்னின்று காவலாவாள். ஆதலின் இது நிதானமான தொடக்கம் என்று பலர் கருதுவர். ஆனால் நிதானம் வேறு, சாந்தம் வேறு. ராணிச் சிப்பாயை அடுத்து அதன் இடப்பக்கத்து மந்திரிச் சிப்பாயையும் இரண்டு கட்டம் செலுத்தி, வேண்டுமானால் வெட்டிக்கொள் என்று எதிரிக்கு அதனைப் பலியாகக் காட்டுவது ஒரு பழைய உபாயம். எதிரி அதனை வெட்டினால் அவனுடைய நடுச்சிப்பாய் ஓரத்துக்கு இழுக்கப்பட்டு நடுக்களம் வெள்ளையர் கைக்கு வந்துவிடும். வெட்டாவிட்டால் அந்நெருக்கடி நீங்காது நிற்கும். நடுவைப் பூட்டிய பின்னர், ஓய்வாக அரசன் பக்கத்திற் பெருந்தாக்குதல் தொடங்கலாம். 1895ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரப் பந்தயத்திற் பில்ஸ்பரி என்னும் அமெரிக்க இளைஞர் இதனைக் கையாண்டு, குதிரையை நடுக்களத்தில் ஊன்றி, மந்திரிச் சிப்பாயால் அதற்கு முட்டுக்கொடுத்து, பேராசிரியர்களெல்லாம் பார்த்திருக்க முதற்பரிசைப் பெற்றார். 1927ஆம் ஆண்டு கபபிளாங்காவும் அலெகினும் உலகப் பட்டத்துக்காக ஆடிய 34 ஆட்டங்களிற் பெரும்பாலானவை இந்த ராணிச் சிப்பாய்த் தொடக்கத்தைச் சேர்ந்தவையே.

இதற்கு எதிராகக் கறுப்பர் கைக்கொள்ளும் தடுப்புக்களில் ஒரு குடும்பத்துக்கு இந்தியத் தடுப்பு என்றே உலகெங்கும் பெயர். அப்பெயர் வந்த வரலாறு சுவையுடையது. 1850ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்னும் வழக்கறிஞரோடு மகேஷ்சந்திர பானர்ஜி என்பவர் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். நாட்டு முறையிற் பழகிய அவர் கை சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாகவே நகர்த்திற்று. நடுக்களத்தை வெள்ளையர்க்கு விட்டுக்கொடுப்பது போலக் காட்டி, ஓரத்துச் சாளரத்தில் மந்திரியை நிறுத்தி, அங்கிருந்து நடுக்களத்தை எய்வது அவர் முறை. ஐரோப்பியர் அதனை முதலிற் கண்டு நகைத்தனர். பின்னர்த் தாமே கற்றுக்கொண்டனர். நம் சென்னைப் பட்டணத்திலும் 1829ஆம் ஆண்டிலேயே குலாம் காசிம் என்பவர் ஆங்கிலேயர் ஒருவரோடு சேர்ந்து ஆட்டத் தொடக்கம் ஒன்றைப் பற்றி ஆராய்ச்சி நூல் வெளியிட்டார் என்பதை நம்மவர் பலர் அறியார். அது வேறு தொடக்கத்தைப் பற்றியது. ஆதலின் இங்கு விரிக்கவில்லை.

சுல்தான் கானுக்கு வருவோம். 1929 நவம்பரில் தாயகம் திரும்பிய இவர், 1930ஆம் ஆண்டு மே மாதம் மீண்டும் ஐரோப்பா சென்றார். ஹாம்பர்க் நகரில் நடந்த நாடுகளின் ஒலிம்பியாட் பந்தயத்தில் பிரிட்டிஷ் அணியின் முதற் பலகையில் இவரே அமர்ந்தார். இந்தியாவுக்கென்று அக்காலத்தில் ஓர் அணி இல்லை. லியேஜ் நகரப் பந்தயத்தில் டார்ட்டகோவருக்கு அடுத்த இரண்டாமிடம் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் ஹேஸ்டிங்ஸ் பந்தயம் வந்தது. பில்ஸ்பரி வெற்றி பெற்ற அதே ஊர்.

கபபிளாங்கா கியூபா நாட்டவர். 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக வீற்றிருந்தவர். 1916 முதல் 1924 வரை எட்டாண்டுகள் எவரிடத்தும் ஓர் ஆட்டத்திலேனும் தோலாதவர். காய்கள் தாமே அவர் கைக்குச் சென்று அமர்கின்றனவோ என்று ஐயுறும்படி எளிமையாக ஆடுபவர். அவரெதிரே, ஐரோப்பிய விதிகளைக் கற்றுச் சில ஆண்டுகளே ஆன பஞ்சாபியர் வெள்ளைக் காய்களோடு அமர்ந்தார்.

முதலிற் குதிரையை எடுத்து வைத்தார். இரண்டாவதாக ராணிச் சிப்பாயை இரு கட்டமும், மூன்றாவதாக அதன் பக்கத்து மந்திரிச் சிப்பாயை இரு கட்டமும் செலுத்தினார். கபபிளாங்கா எடுத்துக்கொண்டது ராணிப் பக்கத்து இந்தியத் தடுப்பு. கியூபா நாட்டவர் இந்தியத் தடுப்பை ஆட, இந்தியர் அதனைத் தகர்க்க முற்பட்ட விந்தையை எண்ணிப் பாருங்கள்!

நான்காவதாக மற்றைக் குதிரையையும் வெளிக்கொணர்ந்த பின், ஐந்தாவது நகர்த்தலிற் சுல்தான் கான் ராணிப் பக்கத்து மூலை யானையின் முன்னுள்ள சிப்பாயை ஒரே ஒரு கட்டம் முன்னே வைத்தார். மேலெழப் பார்ப்பார்க்கு இது கால விரயம். ஒரு காயும் வெளிவரவில்லை. எதிரியின் காய் எதுவும் அச்சுறுத்தப்படவுமில்லை. ஆயினும் அச்சிறு நடை ஒரு கதவை அடைத்துவிட்டது. கறுப்பு மந்திரி வெளிவந்து வெள்ளைக் குதிரையை முடக்கும் கட்டத்தை அது காவல் செய்தது. குதிரை முடங்காதாயின் நடுக்களம் வெள்ளையர்க்கே உரியது. பின்னாளில் 1963 முதல் 1969 வரை உலக சாம்பியனாக இருந்த பெட்ரோசியன் இதே நகர்த்தலைத் தம் கருவியாகக் கொண்டார். 1980களின் தொடக்கத்தில் இளைஞர் காஸ்பரோவ் இதனைக் கொண்டு பல பேராட்டக்காரரை வீழ்த்தினார். இன்று அத்தொடக்கம் அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றது. அவர்கட்கு முன்னமே ஹேஸ்டிங்ஸில் இதனை ஆடிய சுல்தான் கானின் பெயர் அதற்கு இடப்படவில்லை.

விடுமுறையில் இந்த ஆட்டத்தை அப்புச்சிக்கு ஆடிக் காட்டினேன். இரு கட்ட நடைகளை முகஞ்சுளித்துப் பொறுத்துக்கொண்டிருந்தவர், ஐந்தாவது நகர்த்தலைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கட்டச் சிப்பாயின் அருமை ஒரு கட்ட நடையிலே வளர்ந்தவனுக்கன்றோ தெரியும் என்பது அவர் கட்சி. இது மெய்யோ, முதியவரின் ஊர்ப் பற்றோ, யானறியேன். ஆயினும், எக்காயையும் விரைந்து ஓட்டாது, எதிரி செய்ய நினைப்பதை முன்னரே அடைத்துவிடும் அப்பொறுமை நாட்டு முறை தந்த பயிற்சியே என்று எனக்கும் தோன்றுகின்றது.

ஆட்டம் தொடர்ந்தது. நடுவிற் சிப்பாய்கள் ஒன்றையொன்று வெட்டின. கபபிளாங்காவின் சாளர மந்திரிக்கு முன்னே அவருடைய சிப்பாயே சுவராக நின்றது. வெள்ளைக் குதிரையொன்று துணிந்து உள்ளே பாய்ந்து, கறுப்பு மந்திரி ஒன்றைத் தன்னுயிருக்கு ஈடாக வாங்கிக்கொண்டது. பதினான்காவது நகர்த்தலில் அரசன் பக்கத்து ஓரச் சிப்பாயை இரு கட்டம் தள்ளினார் சுல்தான் கான். ஐரோப்பிய நூல்கள் வற்புறுத்துவது போல அவர் அரசனைக் கோட்டைக்குள் ஒளிக்கவில்லை. அரசன் நடுக்களத்திலேயே நின்றான்.

இதற்கிடையே கபபிளாங்கா திறந்திருந்த ஒரே நெடுவரிசையைக் கைப்பற்றி, இரண்டு யானைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அதில் நிறுத்தினார். நூல் கற்ற எவரும் கறுப்பர்க்கே கை ஓங்கியது என்பர். சுல்தான் கான் அவ்வரிசைக்குப் போட்டியிடவில்லை. அரசன் பக்கத்துக் குதிரைச் சிப்பாயை இரு கட்டம் முன்னே ஓட்டினார். அடுத்த நடையில் மேலும் ஒரு கட்டம் தள்ளிக் கறுப்புக் குதிரையைப் பின்வரிசைக்கு விரட்டினார். குதிரை நகர்ந்ததும், அச்சிப்பாய் விட்டுச் சென்ற கட்டத்தில் மந்திரியைக் கொணர்ந்து நிறுத்தினார். அம்மந்திரி கோணல் வழியே நெடுந்தூரம் நோக்கிப் பின்னிருந்த யானையைக் குறிவைத்தது. நடுவை முதலிற் பூட்டி, பின் ஓரத்தில் வெள்ளம்போற் சிப்பாய்களை ஏவுதல் என்று மேலே கூறிய உபாயத்துக்கு இதனினும் தெளிந்த உதாரணம் வேண்டுவதில்லை. இப்படையெடுப்பின் நோக்கம் எதிரியின் அரசனை உடனே கொல்வதன்று. எதிரி செழிப்பாக நிற்கும் இடத்தில் அவனை நிற்கவொட்டாமற் செய்வதேயாம்.

கபபிளாங்கா பின்வாங்க மனமின்றி யானைகளை உள்ளே பாய்ச்சி அரசனைத் தாக்கினார். வெள்ளை அரசன் ஒரு படி ஏறினான். ராணி ஒரு யானையை வெட்டி மாண்டாள். அவளை வெட்டிய யானையை அரசனே நேரில் வெட்டினான். கபபிளாங்கா கையில் ராணி. சுல்தான் கான் கையில் இரண்டு யானைகள். கணக்கில் இது ஏறக்குறைய சமமே. ஆனால் களம் சிப்பாய்களாற் பூட்டப்பட்டிருந்தது. ராணிக்குப் பாய்வதற்கு வெளி இல்லை, பற்றுவதற்கு இரையும் இல்லை. யானைகளோ, அவசரமின்றி ஒன்றாகக் கூடித் திறந்த வரிசையை அடைந்தன. அதன்பின் நடந்தது நாற்பது நகர்த்தலுக்கு மேற்பட்ட முற்றுகை. எங்களூர்க் கிணற்றில் கவலை இறைக்கும் எருதுகள் முன்னும் பின்னும் நடந்து நடந்து நீரை மேலேற்றுவது போல, யானைகளும் அரசனும் முன்னும் பின்னும் அசைந்து, ஒவ்வொரு பிடியாகக் களத்தைக் கைப்பற்றினர். 65ஆவது நகர்த்தலிற் கபபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார். அப்பந்தயத்தில் அவர் இழந்த ஒரே ஆட்டம் அதுவே. முடிவில் யூவே முதலிடமும் கபபிளாங்கா இரண்டாமிடமும் சுல்தான் கான் மூன்றாமிடமும் பெற்றனர்.

சுல்தான் கானைப் பேரறிவினர் எனத் தயக்கமின்றி மதித்தவர் கபபிளாங்கா. நூற்கல்வியின்றி அம்முறையில் அவ்வளவு உயரம் ஏறியதே அம்மதிப்புக்குக் காரணம்.

1931ஆம் ஆண்டு டார்ட்டகோவரோடு தனிப்பந்தயம் ஆடிய இவர், பன்னிரண்டு ஆட்டங்களில் நான்கை வென்று, மூன்றை இழந்து, ஐந்தைச் சமன் செய்து வெற்றி பெற்றார். அவ்வருடப் பிராக் ஒலிம்பியாடில் பிளோர், ரூபின்ஸ்டைன் இருவரையும் வென்றார். உலக சாம்பியன் அலெகினைச் சமனில் நிறுத்தினார். அதே ஆண்டிற்றான் காந்தியடிகள் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டனில் இருந்தார். 1932ல் பிளோரோடு நடந்த தனிப்பந்தயத்திற் சுல்தான் கான் சிறு வேறுபாட்டில் தோற்றார். 1933 போக்ஸ்டன் ஒலிம்பியாடில் வெற்றியும் தோல்வியும் சமமாக இருந்தன. மொத்தத்தில் அவர் ஐரோப்பாவில் ஆடியது ஐந்தாண்டுகளுக்குள் அடங்கும்.

இவ்வெற்றிகளைப் படிக்கும் மாணவர் இவரை இன்பமாக வாழ்ந்தவர் என எண்ணிவிடக்கூடாது. சீமையின் ஈரக்குளிர் இவர் உடலுக்கு ஒவ்வவில்லை. மலேரியாவும் சளியும் தொண்டை நோயும் மாறி மாறி வருத்தின. கழுத்தைத் துணியாற் சுற்றிக் கட்டிக்கொண்டே பல பந்தயங்களுக்கு வந்தார். ஆங்கிலம் பேசப் பழகாமையால் பலகையின் முன் மௌனியாகவே இருந்தார். வென்றபொழுதும் தோற்றபொழுதும் முகத்தில் ஒரு வேறுபாடும் தோன்றாதாம். சர் உமரின் இல்லத்தில் குலாம் பாத்திமா என்னும் பெண்மணியும் இருந்தார். அவரும் சதுரங்கம் பயின்று, 1933ஆம் ஆண்டு பெண்களுக்கான பிரிட்டிஷ் பட்டத்தை ஓர் ஆட்டமும் இழக்காமற் பெற்றார். தாயகம் திரும்பிய சுல்தான் கான் சிறையிலிருந்து விடுபட்டது போல உணர்ந்தாரென்று பல்லாண்டு கழித்து நினைவு கூர்ந்தவர் அவரே.

இவ்விடத்திற் சிக்கலான ஒரு செய்தியையும் கூற வேண்டும். 1933ல் அமெரிக்க அணியினரைச் சர் உமர் தம் லண்டன் இல்லத்துக்கு விருந்துக்கு அழைத்தார். அவ்விருந்திற் சுல்தான் கான் உணவு பரிமாறினார் என்றும், தம்மையொத்த வீரர் ஒருவர் ஏவலராக நிற்கக் கண்டு தாம் நாணியதாகவும் அவ்வணியினரான ரூபென் பைன் பின்னர் எழுதினார். இதனால் இவரை வேலைக்காரர் என்றும் அடிமை என்றும் எழுதுவது ஐரோப்பிய நூலாசிரியர்கட்கு வழக்கமாயிற்று. இவர்தம் குடும்பத்தினர் இதனை வன்மையாக மறுக்கின்றனர். தம் முன்னோர் நிலமும் சமய மதிப்பும் உடையவர்கள் என்றும், பிரபுவின் ஆதரவில் இருத்தல் அடிமைத்தனமன்று என்றும் கூறுகின்றனர். நம் நாட்டில் வீட்டுக்கு வந்த விருந்தினர்க்கு வீட்டாரே பரிமாறுதல் மரியாதை. தலைவாழை இலையிட்டு மாமன் மைத்துனர் பரிமாறக் கண்ட நமக்கு அஃது இழிவாகத் தோன்றாது. ஆயினும் போவதும் வருவதும், ஆடுவதும் ஆடாதிருப்பதும் பிரபுவின் விருப்பத்தையே பொறுத்திருந்தன என்பதை மறைக்கவியலாது. பலகையின்மேல் எவர்க்கும் பணியாத ஒருவர்க்குப் பலகைக்கு வெளியே நகர்த்தல் தம் கையில் இல்லை. இந்த வேறுபாடே அவர் வரலாற்றில் என்னைப் பெரிதும் வருத்துவது.

1933 டிசம்பரிற் சர் உமர் இந்தியா திரும்ப, அவரோடு சுல்தான் கானும் திரும்பினார். 1935ஆம் ஆண்டு காடில்கர் என்னும் சிறந்த ஆட்டக்காரரோடு பத்து ஆட்டங்கள் ஆடி, ஒன்றைச் சமன் செய்து ஒன்பதை வென்றார். அதன்பின் சதுரங்க உலகம் அவரைப் பற்றி எதுவும் கேள்விப்படவில்லை. அப்பொழுது அவர் வயது முப்பதுதான். 1944ல் சர் உமர் காலமானார். அவர் விட்டுச் சென்ற சிறு நிலத்திற் சுல்தான் கான் பயிர்த்தொழில் செய்து வாழ்ந்தார். 1947ல் நாடு பிரிந்தபொழுது அவர் ஊர் பாகிஸ்தானுக்குள் அடங்கிற்று.

1950ஆம் ஆண்டு உலகச் சதுரங்கக் கழகம் கிராண்ட்மாஸ்டர் என்னும் பட்டத்தை முறையாக ஏற்படுத்தி, முதன்முதலாக 27 பேருக்கு அதனை வழங்கிற்று. ஆட்டத்தினின்று ஓய்ந்துபோன முதியவர்களும் அப்பட்டியலில் இடம்பெற்றனர். ரூபின்ஸ்டைன் பெயர் இருந்தது. டார்ட்டகோவர், பிளோர் பெயர்கள் இருந்தன. இம்மூவரையும் வென்ற சுல்தான் கான் பெயர் அதில் இல்லை.

அவர் அதனைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. தம் மக்களுக்குச் சதுரங்கம் கற்பிக்க அவர் மறுத்துவிட்டார் என்றும், வாழ்வுக்குப் பயன்படும் வேறு தொழிலைப் பயிலுமாறு கூறினார் என்றும் மூத்த மகனார் நினைவு கூர்ந்துள்ளார். தந்தை தமக்கு ஒன்பது வயதில் தந்ததை அவர் தம் மக்களுக்குத் தரவில்லை. காசநோயுற்று 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் சர்கோதாவில் உயிர் நீத்தார்.

அதன்பின் 22 ஆண்டுகள் கழித்து, 1988ல், சென்னையைச் சேர்ந்த விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். சுல்தான் கானுக்கோ, இறந்து 58 ஆண்டுகள் ஆகும் நிலையில், 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உலகச் சதுரங்கக் கழகம் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை வழங்கிற்று. கழகத் தலைவர் அதனைப் பாகிஸ்தானின் இடைக்காலப் பிரதம மந்திரியிடம் நேரிற் சேர்ப்பித்தார்.